முருகை வித்தும் திரவ நைதரசனும்

முருகைக்கல் என்றால் எங்கட கரையோர ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் பெருநாளைக்கு முந்திச் சுவருக்குப் பூசுகிற வெள்ளையும் ஒரு காலத்தில் கடலிலிருந்து வந்த கல்லைச் சூளையில் சுட்டு எடுத்தவைதான். மாலைதீவுக்குப் போனவர்கள் மாலேயில் உள்ள பழைய ஜும்ஆப் பள்ளியைப் பார்த்திருப்பார்கள். 1658இல் கட்டிய பள்ளி அது. சுவரெல்லாம் முருகைக்கல். மரத்தில் செதுக்குவது போல அந்தக் கல்லில் எழுத்தும் கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். இப்படிக் கல், சுண்ணாம்பு, கட்டடம் என்றே பழகிப்போனதால், முருகைக்கல்லின் வித்தை உறைய வைத்துச் சேமிக்கிறார்கள் என்று நான் வகுப்பில் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "கல்லுக்கு எங்கால சேர் வித்து?" என்று கேட்டது. நியாயமான கேள்வி.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பவளம், முருகை இரண்டையும் இன்று ஒரே பொருளில் எழுதுகிறோம். பழந்தமிழில் துகிர் என்றும் பவளம் என்றும் பேசப்படுவது செந்நிற அணிகலப் பவளம். நவமணிகளில் ஒன்று. பேர்பெற்ற சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் வளர்கிறது. பெரும்பாறைகளைக் கட்டும் வகை அல்ல. சூறா ரஹ்மானில் வரும் 'மர்ஜான்' என்ற சொல்லுக்குப் பவளம் என்றே நாங்கள் மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். முற்கால விரிவுரையாளர்கள் சிலர் அதை ஒருவகை முத்து என்றும் கொண்டார்கள். இந்தக் கட்டுரையின் விடயம் அணிகலன் அல்ல. கடலுக்கடியில் ஊர் கட்டும் முருகை.

முருகை ஒரு விலங்கு. பொலிப்பு என்று பாடநூல் சொல்லும் மெல்லிய சிறு உயிர். வாயைச் சுற்றி உணர்கொம்புகள், கீழே தானே சுரந்து கட்டிய கல்சியம் காபனேற்றுக் கிண்ணம். ஆயிரக்கணக்கான பொலிப்புகள் ஒட்டி வாழும்போது அது ஒரு குடியிருப்பு. இறந்தவர்களின் வீட்டுக்கு மேலே பிள்ளைகள் வீடு கட்டுவது போலத் தலைமுறை தலைமுறையாகக் கல் உயர்கிறது. பொலிப்பின் உடற்கலங்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியில் உணவு தயாரித்து வீட்டுக்காரனுக்குக் கொடுப்பது அவைதான். நிறத்திலும் பெரும்பங்கு அவற்றினுடையது. கடல் வழமையான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் இந்தக் குடித்தனம் முறிகிறது. அல்கா வெளியேற, முருகை வெளிறிப் போகிறது. வெளிறியது உடனே செத்தது என்று அர்த்தமில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

1998இல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைத்தொடரில் ஆழம் குறைந்த இடங்களில் நடந்தது இதுதான். அங்கே மேசை போலவும் கிளை போலவும் வளர்ந்திருந்த முருகைகள் ஏறக்குறைய எல்லாமே மாண்டன. அதே ஆண்டில் நிலாவெளிக்கு எதிரே கிடக்கும் புறாமலையில் அந்த அழிவு வரவில்லை. பார் தொடர் பிறகு மெல்ல மெல்லத் துளிர்த்தது. 2016இல் மறுபடி வெளிறல். உலகளாவிய நான்காவது வெளிறல் நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். காலநிலை பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2018இல் சொன்ன கணக்கு இது: பூமியின் சராசரி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் வெப்பக் கடல்களின் முருகைப் பாறைகளில் 70 முதல் 90 வீதம் வரை அழியும். 2 பாகை உயர்ந்தால் 99 வீதத்துக்கும் மேல். கடலடியில் ஒரு வீதத்துக்கும் குறைவான இடத்தைப் பிடித்துக்கொண்டு கடலுயிர் இனங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு வீடாக இருக்கும் ஒன்றைப் பற்றிய கணக்கு. வித்தைச் சேமித்து வைக்கும் யோசனை இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். முருகைக்கு வித்து உண்டு. பாறை கட்டும் முருகைகளில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணுமாக ஒரே உடலில் இருப்பவை. ஆண்டில் ஒரு சில இரவுகளில் மட்டும் அவை முட்டையையும் விந்தையும் சேர்த்து உருட்டிய சிறு உருண்டைகளைக் கடலில் விடுகின்றன. முட்டையில் கொழுப்பு அதிகம் என்பதால் உருண்டை மிதந்து மேலே வரும். நீர்மட்டத்தில் உடைந்து, வேறொரு குடியிருப்பின் விந்தும் முட்டையும் கலக்கும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் பல இனங்கள் ஒரே இரவில் இப்படிச் செய்கின்றன என்பதை அந்நாட்டு ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 2300 கிலோமீற்றர் நீளமான பாறைத்தொடர். அதன் மிகப்பெரிய நிகழ்ச்சியை அதுவரை விஞ்ஞானம் கண்டதில்லை! இரவில் அந்த வேளையில் யாரும் அங்கே இறங்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எந்த இரவு என்பதை முருகை பிறையைக் கொண்டு கணக்கிடுகிறது. தண்ணீரின் சூடு மாதத்தைக் காட்டும், முழுநிலவு நாளைக் காட்டும், மக்ரிபுக்குப் பிந்திய இருள் நேரத்தைக் காட்டும். பெருந்தடுப்புப் பாறையில் பெரும்பாலும் நவம்பர் அல்லது டிசம்பரில், முழுநிலவு கழிந்து சில இரவுகளில். எங்கட கணக்கில் சொன்னால் பதினாறாம் பிறைக்கும் இருபதாம் பிறைக்கும் நடுவில். கண்ணில்லாத உயிர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்தில் பிறையில் ஒத்துப்போகின்றன. நாங்கள் ஒரு சின்னத் தீவில் இருந்துகொண்டு படுகிற பாட்டை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆய்வாளர்களுக்கும் அந்தச் சில இரவுகள்தான். உருண்டைகளைச் சேர்த்து, உடைய விட்டு, சல்லடையில் முட்டையை மேலே நிறுத்தி விந்தைக் கீழே வடிக்கிறார்கள். அதைச் செறிவாக்கி, உறைகாப்புத் திரவம் ஒன்றைக் கலந்து, சிறு குப்பிகளில் அடைத்து, கட்டுப்பாடான வேகத்தில் குளிராக்கி, கடைசியில் மறை 196 பாகை செல்சியஸில் இருக்கும் திரவ நைதரசனில் இறக்குகிறார்கள். அந்தக் குளிரில் உயிர்க்கலத்தின் எல்லா இரசாயன வேலைகளும் நின்றுவிடுகின்றன. நேரமே நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

உறைகாப்புத் திரவம் எதற்கு? தக்காளிப் பழத்தை ஃபிரீசரில் வைத்துவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். கொழகொழவென்று தண்ணீர் விட்டுப் போயிருக்கும். உள்ளே இருந்த நீர் பனிப் பளிங்காகி, ஊசி போலக் கலச்சுவர்களைக் கிழித்துவிட்டது. உயிருள்ள எதை உறைய வைத்தாலும் இதே பிரச்சினை. 1949இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் மூவர், போல்ஜ், ஸ்மித், பாக்ஸ் என்பவர்கள், கிளிசரின் கலந்தால் உறைந்த சேவல் விந்து உருகிய பிறகும் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். மாட்டுப் பண்ணைத் தொழிலையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. மாடு வளர்க்கும் எங்கட ஊர்களில் இதைப் பார்க்காதவர் இல்லை: கால்நடை உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் குடம் போன்ற பாத்திரத்தைத் திறந்தால் வெள்ளைப் புகை கிளம்பும், உள்ளிருந்து ஒரு மெல்லிய குழாயை இடுக்கியால் எடுப்பார். அந்தப் புகை திரவ நைதரசனுடையது. முருகைக்குச் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். கிளிசரினுக்குப் பதிலாக டைமெதைல் சல்பொக்சைட்டு என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வேலையை முருகைக்குக் கொண்டுவந்தவர் மேரி ஹகடோர்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஹவாயில் கனயோஹே குடாவிலுள்ள ஒரு சிறு தீவின் கடல் உயிரியல் நிலையத்தில் இருந்து வேலை செய்பவர். முன்பு மீன் முட்டைக்கருவை உறைய வைக்கும் ஆராய்ச்சி செய்தவர். 2011இல் அவர் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து பெருந்தடுப்புப் பாறையின் முருகை விந்தை முதன்முதலாக உறைய வைத்தார். அந்தக் குப்பிகள் இருக்கும் இடம் எனக்குப் பிடித்த விடயம்: சிட்னியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உள்ளே, கடல் வாடையே இல்லாத டப்போ என்ற ஊரில், ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் உலாவும் டரொங்கா மிருகக்காட்சிசாலை. இன்று அங்கே 30க்கும் மேற்பட்ட முருகை இனங்களின் வித்து உறைந்து கிடக்கிறது.

ஓர் இனத்துக்கு ஒரு குப்பி போதாதா என்றால், போதாது. கன்னொறுவையில் இருக்கும் பயிர்களின் மரபு வள நிலையத்தில் நெல் என்று எழுதி ஒரே ஒரு போத்தலை வைப்பதில்லையே. பச்சைப்பெருமாள் வேறு, உவருக்குத் தாக்குப்பிடிக்கும் நெல் வேறு. முருகையிலும் ஒரே இனத்துக்குள் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுப்பவை, நோயைப் பொறுப்பவை என்று வேறுபாடு உண்டு. பாறை குறுகக் குறுக இந்த வகைமைதான் முதலில் சத்தமில்லாமல் போகிறது. மேலுக்குப் பார்த்தால் இனம் இருக்கும், உள்ளுக்கு எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே ஒவ்வொரு குடியிருப்பாகப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். வெளிறிப் பிழைத்த முருகையின் விந்து அடுத்த பருவங்களில் நீந்தும் வலுக் குறைந்து காணப்பட்டதை ஹவாயில் பதிவு செய்திருக்கிறார்கள். கஷ்டம் வந்த பிறகு சேர்ப்போம் என்றிருந்தால் கிடைப்பது பழுதான வித்து.

சேர்த்தது பயன்படுமா என்பதற்கு நல்ல சாட்சி கரீபியக் கடலில் இருக்கிறது. அங்கே எல்க்ஹோர்ன் என்றொரு முருகை; பெரிய மான் கொம்பு போல அகன்ற கிளைகள். 1980களிலிருந்து நோயாலும் சூட்டாலும் அழிந்து அழிந்து, எஞ்சியவை ஒன்றுக்கொன்று எட்டாத் தூரத்தில் தனித்துப் போயின. எட்டாத் தூரத்தில் இருக்கும் இரண்டு குடியிருப்புகள் ஒரே இரவில் வித்து விட்டாலும் என்ன, கலக்கவே கலக்காது. புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் உறைய வைத்த விந்தை குராசாவோ தீவுக்குக் கொண்டுபோய், அங்கே அன்றிரவு கிடைத்த முட்டைகளோடு சேர்த்தார்கள். கருக்கட்டியது. குடம்பிகளைப் புளோரிடாவுக்கு விமானத்தில் அனுப்பித் தொட்டிகளில் வளர்த்தார்கள். 2021இல் இதன் முடிவு வெளியானது. இயற்கையில் ஒருபோதும் சந்தித்திருக்க முடியாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள். இரண்டே வருடம் கழித்து, 2023 கோடையில், புளோரிடாக் கரையோரக் குடா ஒன்றில் நீரின் சூடு 38 பாகையைத் தாண்டியது. அந்தக் கரையில் மிஞ்சியிருந்த எல்க்ஹோர்னில் மிகப் பெரும்பாலானவை மாண்டன. கரையில் தொட்டிகளிலும் குளிர்க்குடங்களிலும் இருந்தவைக்கு அன்றைக்குத்தான் உண்மையான பெறுமதி வந்தது.

பத்திரிகைச் செய்திகளில் நான் குறைப்படுவது ஒன்று. "முருகைப் பாறைகள் குளிர்சாதனத்தில் காப்பாற்றப்பட்டன" என்ற தொனியில் எழுதிவிடுகிறார்கள். உறைந்து கிடப்பது பாதி வித்து. முட்டையை இதுவரை அப்படி வைக்க முடியவில்லை. விந்து மிகச் சிறிது, அதில் தண்ணீர் குறைவு. முட்டை அதோடு ஒப்பிடப் பெரியது, கொழுப்பு நிறைந்தது, குளிர் பட்டாலே சேதமாகும். ஆகவே குப்பியைத் திறக்கும் இரவில் கடலிலோ தொட்டியிலோ உயிருள்ள ஒரு முருகை முட்டை விட வேண்டும். அது இல்லாமப் போன அன்றைக்கு, டப்போவில் இருக்கும் குப்பிகளை என்ன செய்வது?

அதனால்தான் இப்போது குடம்பியை முழுதாக உறைய வைக்கப் பாடுபடுகிறார்கள். குடம்பி என்பது கருக்கட்டி நீந்தத் தொடங்கிய குஞ்சு. அதற்கு முட்டை தேவையில்லை, இருக்க இடம் கிடைத்தால் போதும். மிக வேகமாகக் குளிராக்கினால் உள்ளிருக்கும் நீர் பளிங்காக நேரமில்லாமல் கண்ணாடி போல இறுகிவிடும். இறக்குவது இலேசு, ஏற்றுவதுதான் கஷ்டம். சூடாக்கும்போது கொஞ்சம் தாமதித்தாலும் வழியில் பனிப் பளிங்கு உருவாகிக் குடம்பியைக் கிழித்துவிடும். 2018இல் ஹகடோர்னின் குழுவினர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து இதற்கொரு வழி கண்டார்கள். உறையும் துளியில் தங்கத்தின் மிக நுண்ணிய துணிக்கைகளைக் கலந்துவிட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். தங்கம் சூட்டை உறிஞ்சிச் சுற்றிலும் பரப்ப, நிமிடத்துக்குப் பல மில்லியன் பாகை என்ற வேகத்தில் துளி உருகியது. உள்ளிருந்த காளான் முருகைக் குடம்பிகள் மறுபடி நீந்தின. துளி துளியாக லேசர் அடித்துப் பாறை நட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். பிறகு மெல்லிய வலை ஒன்றில் குடம்பிகளை ஏந்தி, மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, வலையோடு நைதரசனில் அமிழ்த்தும் முறையை உருவாக்கினார்கள். செலவு குறைவு. 2022 டிசம்பரில் பெருந்தடுப்புப் பாறையின் குடம்பிகளில் அதைச் சோதித்தார்கள். இன்னொரு பக்கம், முருகையின் ஒரு சிறு துண்டையே உறைய வைக்கும் முயற்சி. 2023இல் ஹவாய் முருகைத் துண்டுகளை அப்படி உறைய வைத்து உருக்கியபோது அவை ஒரு நாள் அளவுக்கு ஒட்சிசனை உள்ளெடுத்து உயிரோடு இருந்தன. ஒரு நாள்தான். ஆனால் துண்டை உறைய வைக்க வித்து விடும் இரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வருடம் முழுக்கச் செய்யலாம்.

திரவ நைதரசன் குடத்துக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். யாராவது தவறாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலைக்கு மின்சாரம் வேண்டும், கொண்டுவர லொறியும் டீசலும் வேண்டும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டையும் எரிபொருள் கியூவையும் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யுத்தமோ வெள்ளமோ நிர்வாகச் சீர்கேடோ வந்தால் வங்கி உருகிவிடும். 2024இல் ஹகடோர்னும் சகாக்களும் ஒரு யோசனை வெளியிட்டார்கள்: சந்திரனின் தென்துருவத்தருகே சூரியன் ஒருபோதும் படாத பள்ளங்கள் உண்டு, அங்கே இயற்கையாகவே நைதரசனை விஞ்சிய குளிர், பூமியின் உயிர்களது கலங்களை அங்கே வைக்கலாம் என்று. கேட்கப் புதினமாகத்தான் இருக்கிறது. பிறையைப் பார்த்து வித்து விடும் உயிரின் வித்தைச் சந்திரனிலேயே கொண்டுபோய் வைப்பது!

பள்ளியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர், "அல்லாஹ்ட படைப்பில நாங்க ஏன் கை வைக்கணும்?" என்று கேட்டார். அவருடைய பட்டியில் நிற்கும் கலப்பினப் பசுக்களைக் காட்டினேன், சிரித்துவிட்டார். எனக்குப் பாரமாகத் தெரிகிற கேள்வி வேறு. கடலைச் சூடாக்கும் புகையை யாரும் குறைக்காமல், வித்துத்தான் வங்கியில் இருக்கிறதே என்று இருந்துவிட்டால்? இந்த வேலையைச் செய்கிறவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு பேட்டியிலும் இது பாறைக்கு மாற்று அல்ல என்கிறார்கள். ஆனால் சொல்லுகிறவர் ஒருவர், அதை வசதியாகக் கேட்டுக்கொள்கிறவர் இன்னொருவர். என் அபிப்பிராயத்தில் வங்கி வேண்டும். காலம் வாங்கித் தருவது அதன் வேலை. வாங்கிய காலத்தில் கடலடியில் கல்லை உடைக்காமல், டைனமைட் போடாமல், நங்கூரத்தை முருகையின் மேல் இறக்காமல் இருப்பது கரையில் இருக்கிறவர்களின் வேலை. முருகைக்கல் அகழ்வை இலங்கைச் சட்டம் 1988இலேயே தடுத்துவிட்டது. புறாமலை 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே ஆழமில்லாத இடத்தில் உல்லாசப் பயணிகள் முருகையின் மேலேயே எழும்பி நிற்பதைப் போனவர்கள் கண்டிருப்பார்கள்.

இன்னுமொன்று, வங்கிகளின் பெரிய கணக்கெல்லாம் ஹவாயிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறது. அங்கே உறைந்திருப்பது அவரவர் கடலின் வித்து. பசுபிக் முருகையின் பிள்ளை கற்பிட்டிக்கு உதவாது. இந்து சமுத்திரத்து முருகையை வைக்க வேண்டுமானால் முதல் வேலைக்குக் குளிர்க்குடம் தேவையில்லை. எங்கே, எந்த மாதத்தில், எத்தனையாம் பிறையில் வித்து விடுகிறது என்ற குறிப்புத் தேவை. மாதம் கடலுக்குக் கடல் மாறும். அந்தக் குறிப்பு இல்லாமல் யாரும் வள்ளத்தில் போய்ப் பிடிக்க முடியாது.

இரவில் கடலில் இருக்கிறவர்கள் மீனவர்கள்தான். முழுநிலவு கழிந்து மூன்றாம், நான்காம், ஐந்தாம் இரவில், சூரியன் விழுந்து சில மணித்தியாலத்துக்குள், முருகையுள்ள இடத்தில் ஆயிரக்கணக்கான இளஞ்சிவப்பு மணிகள் கீழிருந்து மேலே மிதந்து வந்தால் அது இதுதான். விடிந்த பிறகு நீர்மேல் இளஞ்சிவப்பும் கபிலமும் கலந்த ஏடு போல நீளமாகக் கிடக்கும், மீன்வாடை அடிக்கும். மரத்தூள் தூவினாற்போல வரும் கடற்பாசிப் படலமும் ஏறக்குறைய இப்படியே இருக்கும் என்பதால் ஒரு போத்தலில் அள்ளிப் பார்ப்பது நல்லது: முருகை முட்டை என்றால் வெறுங்கண்ணுக்கே உருண்டையாகத் தெரியும். கண்டால் இடம், திகதி, பிறை, மணி நாலையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.